வாய் மூடிய விரிசல்

பெரியவர் வேலையிலிருந்து விடைபெற்றுப் போனது ஒரு வியாழக்கிழமை. அன்று காலை மூன்றாம் எண் எந்திரத்தில் எண்ணெய்க் குழாய் ஒழுகியதால் ஆய்வகத்தின் தரை முழுக்க மரத்தூளைக் கொட்டியிருந்தார்கள். வழியனுப்பும் கூட்டம் அந்த மரத்தூளின் மேலேயே நடந்தது. முப்பத்தொரு வருடம் அந்த உலோகச் சோதனை ஆய்வகத்துக்குத் தலைவராக இருந்தவர், கையில் ஒரு காகிதக் கோப்பையோடு நின்று எல்லோரும் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். மறுநாள் விமானம். கடல் தாண்டி மகள் வீட்டில் போய் இருக்கப் போகிறார்.

அந்த ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் விடைபெற்றாலும் பூச்செண்டு, கைக்கடிகாரம் எதுவும் கிடையாது. போகிறவர் செய்த சோதனைகளில் அவருக்குப் பிடித்த ஒன்றின் உலோகத் துண்டை மெருகேற்றிக் கையில் கொடுப்பார்கள். எப்போதும் அது இரண்டாக உடைந்த துண்டாகத்தான் இருக்கும். பெரியவருக்குக் கொடுத்தது உடையாத துண்டு. கொடுத்தவர் என் சித்தி.

"இத உடைக்காமலே நான் வச்சுக்கறேன்," என்று பெரியவர்தான் இரண்டு வாரத்துக்கு முன்பே கேட்டிருந்தார். "இவ்வளவு அழகான கோடு என் சர்வீஸ்ல பாத்ததில்ல. இதப் போய் உடைக்கணுமா?"

அவருக்கு ஆய்வகத்தில் வைத்த பட்டப்பெயர் 'உடைச்சுப்பார்'. யார் எந்தக் கணக்கோடு போய் நின்றாலும் அவர் சொல்லும் முதல் வார்த்தை அதுதான். அந்த மனிதரே உடைக்க வேண்டாம் என்று சொன்னதால் எல்லோரும் சிரித்தார்கள். சித்தியும் சிரித்தார். துண்டைச் சுற்றி மெல்லிய துணி கட்டி அவருடைய பையின் ஓரத்தில் வைத்துவிட்டு, வாசல் வரை வந்து, கார் திரும்பும் வரை நின்றுவிட்டு, மறுபடி உள்ளே போய் மரத்தூளைப் பெருக்கினார்.

என் அம்மாவுக்கு இளையவர் சித்தி. பதினெட்டு வயதில் அந்த ஆய்வகத்தில் கண்ணாடிக் குடுவை கழுவும் வேலைக்குச் சேர்ந்தவர். கழுவிய குடுவைகளை அளவு வாரியாக அடுக்காமல், எது எந்த மேசையிலிருந்து வந்ததோ அந்த வரிசையில் அடுக்கி வைத்தார் என்று பெரியவர் கவனித்தாராம். ஆறே மாதத்தில் வெள்ளை அங்கி. அடுத்த இருபத்தாறு வருடம் அவர் பார்த்தது ஒரே வேலை. இரும்பில் விரிசல் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று, இரும்பை உடைக்காமல் சொல்வது.

அதைச் செய்யும் விதம் கேட்பதற்கு எளிது. உள்ளங்கையளவு எஃகுத் துண்டில் ஒரு பக்கமாக ஒரு வெட்டுப் போடுவார்கள். துண்டை எந்திரத்தின் இரண்டு பிடிகளுக்கு நடுவே மாட்டி இழுப்பதும் விடுவதுமாக லட்சக்கணக்கான முறை ஆட்டுவார்கள். ஒரு தடவை இழுத்தால் ஒன்றும் ஆகாத இரும்பு, பத்து லட்சம் தடவையில் சோர்ந்து போகும். வெட்டின் நுனியில் மயிரிழை போல ஒரு விரிசல் தொடங்கி உள்ளே ஊரும். அதன் நீளத்தைத் தெரிந்துகொள்ள, துண்டின் வழியாக மின்னோட்டம் அனுப்புவார்கள். விரிசல் வளர வளர மின்னோட்டம் கடந்து போக மிச்சமிருக்கும் வழி குறுகும். வழி குறுகினால் விரிசலுக்கு இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் உள்ள மின்னழுத்தத்தின் வேறுபாடு கூடும். அந்த வேறுபாட்டை அளந்தால் விரிசலின் நீளம் தெரிந்துவிடும்.

அளப்பதுதான் கஷ்டம். ஒரு வோல்ட்டைப் பத்து லட்சம் கூறு போட்டால் அதில் ஒரு கூறு மைக்ரோவோல்ட். சித்தியின் வாழ்க்கை அந்தக் கூறுகளில் ஓடியது. தலைமுடி கனத்தில் இரண்டு கம்பிகளை வெட்டின் இருபுறமும் பற்றவைப்பார். யாராவது கதவைத் திறந்தால் காற்றின் குளிர்ச்சிக்கே அளவு ஆடும். அந்தச் சூட்டுக் கோளாறு கணக்கில் சேராமல் இருக்க, மின்னோட்டத்தை இந்தப் பக்கமாக ஒரு தடவை, அந்தப் பக்கமாக ஒரு தடவை அனுப்பி இரண்டையும் கழித்துக்கொள்வார். அறைக் கதவில் 'மெதுவாகச் சாத்தவும்' என்று எழுதி ஒட்டியிருந்தது. அதற்குக் கீழே யாரோ பென்சிலில் 'மைக்ரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்' என்று எழுதியிருந்தார்கள். சித்தி அதை அழிக்கவில்லை. ஆய்வகத்தில் அவர் பெயரே மைக்ரோ என்று ஆகிப்போயிருந்தது.

சித்தப்பாவைச் சந்தித்ததும் அங்கேதான். ஆற்றின் இரு கரைக்கும் ஓடும் பயணிகள் படகில் அவர் எஞ்சின் மெக்கானிக். உடைந்த போல்ட் ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு ஆய்வகத்துக்கு வந்தார். ஏன் உடைந்தது என்று கேட்டார். "நீங்க அதிகமா முறுக்கினீங்க," என்றார் சித்தி. "நான் முறுக்கல, என் ஃபோர்மேன் முறுக்கினாரு," என்றார் அவர். போல்ட்டைப் பூதக்கண்ணாடியில் வைத்து, முறுக்கியவர் இடது கைக்காரர் என்று சித்தி சொன்னாராம். ஃபோர்மேன் வலது கைக்காரர். சித்தப்பாதான் இடது கை. இன்றைக்கும் வீட்டில் எதற்காவது சித்தப்பா சாக்குச் சொன்னால், "போல்ட்டக் காட்டுங்க," என்பார் சித்தி.

பெரியவர் கொண்டுபோன அந்தத் துண்டு சித்தப்பாவின் படகுக்காகச் சோதிக்கப்பட்டதுதான்.

படகுத் துறைக்காரர்கள் இரண்டு படகுகளுக்கும், படகுக்கு இரண்டாக, புது ப்ரொப்பெல்லர் தண்டுகள் வாங்கியிருந்தார்கள். அந்த எஃகில் மிச்சமான ஒரு கட்டையை ஆய்வகத்துக்கு அனுப்பி ஒரு கேள்வி கேட்டார்கள். தண்டைக் கழற்றிப் பார்க்க வேண்டுமானால் படகைக் கரையேற்ற வேண்டும். எத்தனை வருடத்துக்கு ஒருமுறை ஏற்றினால் போதும்?

பார்வைக்குத் தப்பிவிடும் சின்ன விரிசல், தண்டை முறிக்கும் அளவுக்கு வளர எத்தனை வருடம் ஆகும் என்று தெரிந்தால், அதில் பாதிக்கு ஒருமுறை பார்த்தால் போதும். கட்டையிலிருந்து இரண்டு துண்டுகள்தான் தேறின. ஒன்றை வெறும் உப்புநீரில் வைத்து ஆட்டினார் சித்தி. அது துருப்பிடித்தது. உடைத்துப் பார்த்தார்கள், அளவு சரியாக இருந்தது. இரண்டாவதுதான் முக்கியம். படகின் அடியில் துத்தநாகக் கட்டிகளை மாட்டியிருப்பார்கள். துத்தநாகம் தான் கரைந்து எஃகின் மின்னழுத்தத்தைக் கீழே இறக்கி வைக்கும், அப்படி இறங்கியிருக்கும்வரை எஃகு துருப்பிடிக்காது. அதே மின்னழுத்தத்தில் பிடித்து வைத்து இரண்டாவது துண்டைப் பதினோரு வாரம் ஆட்டினார். உப்புநீருக்குள் வெள்ளிக் கம்பி வைத்த ஒரு கண்ணாடிக் குழாய், மின்னழுத்தம் நகர்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தது. வரைபடத்தில் விழுந்த கோடு நூல் பிடித்தது போல இருந்தது. அதைப் பார்த்துத்தான் பெரியவர் மயங்கினார். ஆறு வருடத்துக்கு ஒருமுறை போதும் என்று அறிக்கை போனது. கீழே சித்தியின் கையெழுத்து.

தண்டுகளைப் பொருத்தினார்கள். படகுகள் ஓடின. ஒரு வருடம் ஒன்றும் இல்லை.

ஒரு துறைமுகத்தின் இரும்புத் தூண்களுக்காக இன்னொரு சோதனை வந்தது. அதுவும் துத்தநாகக் காவலில் இருக்கும் எஃகு. சோதனை முடிந்ததும் வழக்கப்படி துண்டைச் சூடாக்கினார் சித்தி. சூட்டில் விரிசலின் முகம் நீலம் பாய்ந்துவிடும். பிறகு கடுங்குளிர் திரவத்தில் அமிழ்த்தி ஒரே அடியில் உடைத்தால், நீலமாக இருக்கும் வரை பழைய விரிசல், வெள்ளையாக இருப்பது இப்போது உடைத்தது. நுண்ணோக்கியில் நீலத்தை அளந்தார். மின்னழுத்தம் சொன்னதைவிட விரிசல் மூன்று மில்லிமீட்டர் அதிகமாக இருந்தது.

மூன்று மில்லிமீட்டர் அவருக்கு மூன்று காதம். நுண்ணோக்கியைச் சரிபார்த்தார். கம்பிகளை அளந்தார். வேறு ஒரு துண்டை மாட்டி மறுபடி ஆட்டினார். இம்முறை எந்திரம் இழுத்துப் பிடித்திருக்கும்போது ஒரு ரீடிங், விட்டுத் தளர்ந்திருக்கும்போது ஒரு ரீடிங் என்று இரண்டு எடுத்தார். இரண்டு கோடுகளும் ஒன்றாகப் புறப்பட்டு, ஒரு வாரத்தில் பிரிந்து போயின.

பதினோரு வருடத்துக்கு முன் அந்த அறையின் கருவிகளை அமைத்தது சித்திதான். துண்டு எந்தக் கணத்தில் அளக்கப்பட வேண்டும் என்று நேரம் குறித்ததும் அவரே. எந்திரம் தளர்ந்து ஓயும் கணத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார். அப்போதுதான் அதிர்வு குறைவு, கோடு சுத்தமாக வரும். ஆனால் அதே கணத்தில்தான் விரிசல் வாயை மூடிக்கொள்ளும். மூடிய இரண்டு முகங்களும் ஒன்றையொன்று தொட்டால், மின்னோட்டம் விரிசலுக்குக் குறுக்கே நடந்து போய்விடும். கருவி விரிசலைக் குட்டையாகக் காட்டும்.

இத்தனை வருடமாக இது ஏன் தெரியவில்லை? துரு. மற்ற எல்லாச் சோதனைகளிலும் விரிசலுக்குள் துரு நிரம்பியிருந்தது. துருவின் வழியாக மின்சாரம் போகாது. வாய் மூடினாலும் நடுவில் துரு நின்று அளவைக் காப்பாற்றியது. துத்தநாகக் காவலில் துருவே இல்லை. பளபளவென்று இரண்டு முகங்கள், தொட்டதும் ஒட்டிக்கொண்டன.

அப்படி ஒரு காவலில் சோதித்து, உடைத்துப் பார்க்காத துண்டு உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அதன் பேச்சை நம்பி இரண்டு படகுகள் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்றின் அடிவயிற்றில், அந்தத் தண்டுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்காருபவர் சித்தப்பா.

அன்று மாலை வீட்டில் நடந்ததைச் சித்தப்பா என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். சித்தி செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்றாராம்.

"என்னங்க, உங்க ஷாஃப்டுக்கு நான் குடுத்த நம்பர் தப்பா இருக்கலாம்."

"எவ்வளவு தப்பு?"

"தெரியல. அதுதான் பிரச்சினை."

"சரி, செருப்பக் கழட்டு. ஷாஃப்ட் இங்க இல்ல, ஆத்துல இருக்கு."

"உங்களுக்கு விளையாட்டா இருக்கா?"

"நீ தப்புனு சொல்லி இருபது வருஷத்துல இன்னிக்குத்தான் கேக்கறேன். கொஞ்சம் அனுபவிச்சுக்கறேனே."

பிறகு அவர் வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டு, தண்டின் எந்த இடத்தில் வரும் என்று கேட்டாராம். சாவிக் காடியின் ஓரத்தில் என்றார் சித்தி. ப்ரொப்பெல்லரைத் தண்டோடு பிணைக்க வெட்டியிருக்கும் பள்ளம் அது. படகு தண்ணீரில் இருக்கும்போது அங்கே எட்டிப் பார்க்க வழியில்லை.

மறுநாளே ஆய்வகத்தின் புதுத் தலைவரிடம் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அக்கா, உங்க சந்தேகம் நியாயம். ஆனா அந்தத் துண்டு இல்லாம 'ஆறு தப்பு'ன்னு எழுதினா, 'அப்ப எது சரி'ன்னு கேப்பாங்க. என்ன சொல்லுவீங்க?" என்றார்.

துறைமுகத் துண்டை வைத்து இதைக் கணக்கிட முடியாது, அது வேறு எஃகு. ஆனாலும் மதிய இடைவேளையில் படகுத் துறையின் பட்டறைக்கு நேரில் போனார். அங்கே ஃபோர்மேன் தலையை எஞ்சினுக்குள் விட்டிருந்தார். சித்தப்பாவுக்கு மேலதிகாரி. அந்தப் பழைய போல்ட் காலத்து மனிதர்.

"வாங்க மேடம். என்ன, இந்தத் தடவ யாரு அதிகமா முறுக்கினது?"

"நான்தான்," என்றார் சித்தி. முழுவதையும் சொன்னார்.

ஃபோர்மேன் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "உங்க மெஷின் மைக்ரோவோல்ட்ல தப்புப் பண்ணதுக்கு என் படகு எதுக்குக் கரையேறணும்?"

"உங்க படகு அந்த மைக்ரோவோல்ட் மேலதான் மிதக்குது."

"அப்ப கணக்க சரி பண்ணிட்டு எழுத்துல குடுங்க. வாய்ப்பேச்சுக்கெல்லாம் படகத் தூக்க முடியாது. ஒரு நாளைக்கு நாலாயிரம் பேர் போறாங்க. எல்லாரையும் பாலத்தச் சுத்தி அனுப்பணும்."

"எழுத்துல குடுக்கறேன். அதுவரைக்கும் வேகத்தக் கொஞ்சம் குறைச்சு ஓட்டலாமா?"

ஃபோர்மேன் யோசித்தார். "அது முடியும்," என்றார்.

அடுத்த நாளிலிருந்து சித்தி வேலைக்குப் போக பேருந்தை விட்டுவிட்டுப் படகில் ஏறினார். வீட்டிலிருந்து படகுத்துறை எதிர்த் திசை. படகில் போனால் அக்கரையில் இறங்கி, பாலத்தின் வழியாக நடந்தே திரும்ப வேண்டும், முக்கால் மணி நேரம் வீண். காலையில் ஒருதரம், மாலையில் ஒருதரம். எஞ்சின் அறைக்கு நேர் மேலே இருக்கும் இரும்புப் பெஞ்சில் உட்காருவார்.

"நீ மேல உக்காந்தா ஷாஃப்ட் உடையாதா?" என்று சித்தப்பா ஏணியிலிருந்து தலையை நீட்டிக் கேட்டார்.

"நாலாயிரம் பேர உக்காத்தி வச்சுட்டு நான் மட்டும் பஸ்ல போகணுமா?"

"கணக்குல நாலாயிரத்து ஒண்ணாயிடுச்சு, அவ்வளவுதான்."

"கீழ போங்க. சத்தம் கேட்டா சொல்லுங்க."

அப்படி ஐந்து வாரம் போனார். துண்டு வந்து சேர அவ்வளவு நாள் ஆயிற்று.

அதைக் கொண்டுவந்தது நான். ஊர் ஊராகத் திரிந்துகொண்டிருந்த காலம் அது, பெரியவர் போயிருந்த அதே நாட்டில் ஒரு விடுதியில் படுக்கை விரிக்கும் வேலையில் இருந்தேன். சித்தி தொலைபேசியில் அழைத்து, எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்காமல், "ஏண்டி, நீ இருக்கற எடத்துலேருந்து பெரியவர் வீடு எவ்வளவு தூரம்?" என்றார். ரயிலில் ஒன்பது மணி நேரம். தூதஞ்சலில் அனுப்பச் சொல்லலாமே என்றேன். "தொலைஞ்சா இன்னொண்ணு கிடையாது. நீதான் சும்மா சுத்திட்டு இருக்கியே, ஒரு காரியத்தோட சுத்து," என்றார். கிடைத்த விடுப்பில் போய்ச் சேர நான்கு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

பெரியவர் அந்தத் துண்டைச் செய்தித்தாள்கள் பறக்காமல் இருக்கச் சன்னலோரம் வைத்திருந்தார். தலைமுடிக் கம்பிகள் இரண்டும் இன்னும் அதில் ஒட்டியிருந்தன. நான் வருவது அவருக்குத் தெரியும், ஏன் என்றும் தெரியும். துண்டைக் கையில் எடுத்து வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உங்க சித்தி உடைக்கலாம்னுதான் சொன்னா. நான்தான் வேணாம்னேன். இத அவகிட்ட சொல்லு."

"அவங்களுக்குத் தெரியும் சார்."

"தெரியும். ரிப்போர்ட்ல எழுதச் சொல்லு. என் பேரப் போட்டு."

விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். ஓர் அதிகாரி துண்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இது என்ன என்றார். விரிசல் விட்ட இரும்பு என்றேன். எதற்கு எடுத்துப் போகிறாய் என்றார். உடைப்பதற்கு என்றேன். அவர் தன் சக ஊழியரை அழைத்தார், அவர் இன்னொருவரை அழைத்தார். கடைசியில் வந்த வயதான அம்மாள், யாருக்கும் அவசியமில்லாத ஒன்றைக் கொண்டுபோவதைத் தடுக்கச் சட்டம் இல்லை என்று சொல்லி அனுப்பிவைத்தார்.

உடைத்தது திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு. புதுத் தலைவர் நின்றார். ஃபோர்மேனும் வந்திருந்தார், சித்திதான் கூப்பிட்டிருந்தார். சித்தப்பா வரவில்லை, படகில் இருந்தார். சித்தி துண்டை அடுப்பிலிருந்து எடுத்து ஆறவிட்டு, கடுங்குளிர் திரவத்தில் இறக்கினார். கொதிப்பது போலப் புகைந்து அடங்கியது. இடுக்கியால் எடுத்துப் பிடியில் வைத்து, ஒரே அடி. ஓடு உடைவது போன்ற சத்தம். விமான நிலைய அதிகாரிகள் வியக்க நான் சுமந்து வந்தது இரண்டு துண்டாகக் கிடந்தது.

சித்தி முதலில் அதைப் பார்க்கவில்லை. பழைய பதிவேட்டைத் திறந்து, மின்னழுத்தம் சொன்ன கடைசி அளவைத் தாளில் எழுதினார். வெட்டிலிருந்து ஐந்து புள்ளி இரண்டு மில்லிமீட்டர். அதன் பக்கத்தில் ஒரு கட்டம் காலியாக விட்டார். பிறகு நுண்ணோக்கியில் குனிந்து ஒன்பது இடங்களில் நீலத்தை அளந்தார். ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லப் புதுத் தலைவர் எழுதினார். சராசரி பத்து புள்ளி நான்கு.

"சரியா ரெட்டிப்பு," என்றார் புதுத் தலைவர்.

"ஆமா," என்றார் சித்தி. "அப்ப ஆறுல பாதி. மூணு."

ஃபோர்மேன் நுண்ணோக்கியில் தானும் பார்க்க வேண்டும் என்றார். கண்ணை வைத்துப் பார்த்தார். என்ன தெரிந்ததோ, "நீலமாத்தான் இருக்கு," என்றார். பிறகு, "இதுக்கு மேல எழுத்து எதுக்கு. புதன்கிழமையே ஒரு படகத் தூக்கறேன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று வருடம் என்றால் இன்னும் காலம் மிச்சமிருந்தது, உடனே தூக்க வேண்டியதில்லை என்று புதுத் தலைவர் சொல்லிப் பார்த்தார். சித்தி ஒப்பவில்லை. ஆறு என்று நம்பிக் கழிந்த ஒன்றரை வருடத்தை ஒருதரம் கண்ணால் பார்த்துக் கழித்துக்கொண்டுதான் புதிதாக எண்ணத் தொடங்க வேண்டும் என்றார்.

ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு படகுகளையும் கரையேற்றி, நான்கு தண்டுகளையும் உருவினார்கள். சிவப்புச் சாயம் பூசித் துடைத்துப் பார்த்தார்கள். விரிசல் இருந்தால் சாயம் அதில் தங்கிக் கோடாகக் காட்டும். நான்கிலும் ஒரு கோடும் இல்லை.

அது நடந்த ஐந்து வாரமும் ஓடியது ஒரே ஒரு படகு. மக்கள் பாலத்தைச் சுற்றிப் பேருந்துகளில் தொங்கினார்கள். எதற்காக என்று கேட்டவர்களுக்குப் படகுத் துறையில் பதில் தயாராக இருந்தது. மெக்கானிக் வீட்டம்மா ஏதோ மெஷினில் ஏதோ பார்த்தாராம். ஒன்றும் இல்லையாம்.

டிக்கெட் கொடுப்பவர் சித்தப்பாவைப் பார்க்கும்போதெல்லாம், "அண்ணே, வீட்ல எல்லாம் சௌக்கியமா? சுவத்துல கிவத்துல விரிசல் இருக்கான்னு அண்ணி பாத்துட்டாங்களா?" என்பார்.

"பாத்துட்டா. உன் மண்டையில இருக்காம்," என்பார் சித்தப்பா.

ஆய்வகத்தில் பேச்சு குறைவு, காகிதம் அதிகம். பழைய அறிக்கையைத் திரும்பப் பெற்றார்கள். திருத்திய அறிக்கை போனது. பிழைக்குக் காரணம் என்ற இடத்தில், அளக்கும் கணத்தைத் தவறாக வைத்தது என்று எழுதித் தன் பெயரைப் போட்டார் சித்தி. துண்டை உடைக்காமல் விட்டது என்று எழுதி, அதிலும் தன் பெயரையே போட்டார். பெரியவரின் பெயரைப் போடச் சொன்னாரே என்று நான் நினைவுபடுத்தினேன்.

"அவரு கேட்டாரு. குடுத்தது யாரு?" என்றார்.

இரண்டு வருடத்துக்கு அறிக்கைகளில் கையெழுத்துப் போடும் உரிமை அவரிடமிருந்து எடுக்கப்பட்டது. சோதனையைச் சித்தி செய்வார், அவரைவிடப் பதினைந்து வயது சிறியவள் ஒருத்தி கையெழுத்துப் போடுவாள். அந்தப் பெண்ணுக்குத்தான் சங்கடமாக இருந்தது. "அக்கா, நான் சும்மா போடறேன்," என்பாள். சித்தி விடமாட்டார். "சும்மா போடாத. துண்டப் பாரு, நம்பரப் பாரு, அப்புறம் போடு. நான் தப்பு பண்றவ, ஞாபகம் இருக்கட்டும்." அளக்கும் கணம் மாற்றப்பட்டது. கோடுகள் முன்பு போலச் சுத்தமாக வரவில்லை, நடுங்கின. நடுக்கத்தோடு அளக்க அவர் பழகிக்கொண்டார்.

ஒரு விஷயம் மட்டும் அவரை உள்ளுக்குள் அரித்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை, ஆனால் சாப்பிடும்போது ஒருநாள் தானாகவே சொன்னார்.

"நாலு தண்டும் சுத்தமா இருந்ததே, அதுக்கு நான் சந்தோஷப்படணும். உங்க சித்தப்பா உக்கார்ற எடம். ஆனா ஒரு ஓரத்துல, ஒரு சின்ன கோடாவது இருந்திருக்கலாமேன்னு தோணுது. அப்படித் தோணுதேன்னு வெக்கமா இருக்கு."

"இதுல வெக்கப்பட என்ன இருக்கு?" என்றார் சித்தப்பா. "எனக்கும்தான் தோணிச்சு. அந்த டிக்கெட் பயல ஒருநாள் வாயடைக்கணும்னு."

ஃபோர்மேன் மட்டும் கேலியில் சேரவில்லை. சேராததோடு நிற்காமல், பட்டறைச் சுவரில் நான்கு தண்டுகளுக்கும் அடுத்த தேதியைச் சுண்ணாம்பில் எழுதி வைத்தார். ஆறு வருடக் கணக்கு அல்ல, மூன்று. மேலிடத்திலிருந்து யாரோ வந்து, போன தடவை ஒன்றும் இல்லையே, ஒரு வருடம் தள்ளிப்போட்டால் என்ன என்று கேட்டதாகச் சித்தப்பா சொன்னார். ஃபோர்மேன், "அந்த மேடம் அஞ்சு வாரம் என் படகுல உக்காந்து போனாங்க. நீங்க ஒரு வாரம் உக்காந்துட்டு வாங்க, தள்ளிப்போடலாம்," என்றாராம்.

நான் மறுபடி புறப்பட்டுப் போனேன், மறுபடி திரும்பினேன். சித்தியின் கையெழுத்து அவரிடம் திரும்பி வந்தது. புதுத் தலைவர் பழைய தலைவர் ஆகும் அளவுக்கு நாள் ஆயிற்று. சித்தி பிறகு படகில் ஏறவில்லை, நேரம் வீண் என்று பேருந்துக்கே போய்விட்டார்.

சுண்ணாம்பில் எழுதிய தேதி வந்தது. முதல் படகைக் கரையேற்றினார்கள். அதில் ஒன்றும் இல்லை. இரண்டாவது, சித்தப்பாவின் படகு, அடுத்த மாதம் ஏறியது. அன்று நான் ஆய்வகத்துக்குச் சித்தியின் கண்ணாடியைக் கொடுக்கப் போயிருந்தேன், வீட்டிலேயே மறந்துவிட்டுப் போயிருந்தார். மதியம் பன்னிரண்டரை இருக்கும். அவருடைய கைபேசி மேசையில் அதிர்ந்தது. இரண்டு கையிலும் கம்பி பிடித்திருந்ததால், "யாருன்னு பாத்து வாசிடி," என்றார். ஃபோர்மேன் அனுப்பிய செய்தி.

"மேடம், வலது பக்க ஷாஃப்ட். சாவிக் காடி ஓரத்துல கோடு விழுந்திருக்கு. ஆழம் ஆறு மில்லிமீட்டர், ரெண்டு தடவ பாத்துட்டோம். ஆறு வருஷம்னு விட்டிருந்தா இன்னும் ஒன்றரை வருஷம் இப்படியே ஓட்டியிருப்போம். புது ஷாஃப்டுக்குச் சொல்லியாச்சு. இன்னிக்கு இனி வேலை இல்ல, உங்க வீட்டுக்காரரு ரெண்டு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துடுவாரு. சாப்பிடலயாம்."